இல்லமும் உள்ளமும்: மண்ணின் நிறத்தில் ஒரு விரிப்பு

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கி வருகிறது. சுவர்களுக்கு வெள்ளை அடிப்பதும், திரைச்சீலைகளை மாற்றுவதும், குடில் அமைக்க மூலையில் இடம் ஒதுக்குவதுமாக நம் இல்லங்களில் வேலைகள் மும்முரமாக நடைபெறும் காலம் இது. இவ்வேளையில் வரவேற்பறைக்குப் புதிய தரைவிரிப்பு ஒன்று வாங்கவும் பலர் எண்ணுகின்றனர். எந்த நிறத்தில் வாங்குவது, எவ்வளவு பெரிதாக வாங்குவது, எப்படி விரிப்பது என்று நம் சகோதரிகள் சிலர் கேட்டனர். ஆகவே இத்திங்கள் விரிப்பைப் பற்றியே பேசுவோம்.

இது ஒரு பெரிய செய்தியா என்று எண்ணிவிட வேண்டாம். தரையில் கிடக்கும் ஒரு விரிப்பு ஒரு குடும்பத்தின் பழக்கங்களையே மாற்றிவிடக்கூடும் என்பதை நாம் நம் சொந்த வீட்டிலேயே கண்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். பின்னர் கூறப்போகும் யோசனைகள் பலவும் அன்று கற்ற பாடத்திலிருந்து பிறந்தவையே.

பால் வெள்ளைக் கம்பளம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டின் பழைய சிமெண்டுத் தரையை எடுத்துவிட்டு வெண்ணிற ஓடு பதித்தோம். தரைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பால் வெள்ளை நிறத்தில் தடித்த கம்பளம் ஒன்றையும் வாங்கி விரித்தோம். பங்குத் தந்தை வந்து வீட்டை மந்திரித்த நாளில் பார்த்தவர் அனைவரும் புகழ்ந்தனர். அன்று முதல் வீட்டில் புதிய கட்டளை ஒன்று பிறந்தது: கம்பளத்தை மிதிக்கலாகாது. பிள்ளைகள் சுவரோரமாக நடக்கப் பழகினர். காப்பிக் குவளையுடன் எவரும் முன்னறைக்கு வருவதில்லை. மாலைச் செபமாலை வேளையில் மட்டும் கால்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதன்மேல் அமர்ந்தோம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மாலைதோறும் மூட்டுகளில் தைலம் தேய்த்துக்கொள்வார். கம்பளம் வந்த சில நாட்களில், தம் கோரைப்பாயைச் சமையலறையை ஒட்டிய அறைக்கு எடுத்துச் சென்று அங்கிருந்தே செபத்தில் கலந்துகொள்ளத் தொடங்கினார். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

அக்டோபர் வந்தது. செபமாலை மாதம், அன்பியத்துக் குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய முறை. அன்று நல்ல மழை. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தனர். கம்பளத்தைக் கண்டதும் நின்றுவிட்டனர். "உட்காருங்கள்" என்று எவ்வளவோ சொல்லியும், "இருக்கட்டும், கால் ஈரமாக இருக்கிறது" என்று கூறிச் சுவரோரத்திலும் நிலைப்படியிலும் நின்றுகொண்டனர். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு எதிரே, நடு அறையில், அந்த வெள்ளைக் கம்பளம் ஓர் ஆளும் இன்றி விரிந்து கிடந்தது. செபம் தொடங்கியது. கூடியிருந்தோர் மறுமொழி சொல்லி முடித்த பின்பு, உள்ளறையிலிருந்து ஒரு குரல் மட்டும் சற்றுப் பிந்தி வந்து முடிந்தது. அது அம்மாவின் குரல்.

மறுநாள் அம்மாவிடம் காரணம் கேட்டோம். "எண்ணெய்க் கறை பட்டால் போகாது என்று சொன்னீர்களே!" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. யார் சொன்னோம், எப்போது சொன்னோம் என்று எங்களுக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருக்கிறோம். அன்று மாலையே கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றினோம்.

மண்ணின் நிறங்கள்

அந்தக் கம்பளத்தின் குறை அதன் விலையிலோ தரத்திலோ இல்லை. நம் வாழ்க்கை முறைக்கு அது ஒவ்வாத நிறம். குறை எங்கள் தெரிவில்தான் இருந்தது. தெருப்புழுதி, மழைச்சேறு, குழந்தைகளின் கைகால்கள், விருந்தினர் வரவு ஆகிய அனைத்தையும் தாங்க வேண்டிய அறை வரவேற்பறை. அதற்கு மண்ணின் நிறங்களே ஏற்றவை.

மண்ணின் நிறம் என்றால் ஒரே நிறம் என்று எண்ண வேண்டாம். தேரிக்காட்டுச் செம்மண் ஒரு நிறம். கடற்கரை மணல் வேறொரு நிறம். சுட்ட ஓடு, காவி, உலர்ந்த தென்னோலை, பனங்கருப்பட்டி, வறுத்த காப்பிக்கொட்டை, பழம்புளி, தேன் ஆகிய யாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றில் எந்த இரண்டை அருகருகே வைத்தாலும் பெரும்பாலும் சண்டையிடுவதில்லை. மர நாற்காலி, பிரம்புக் கூடை, பித்தளை விளக்கு ஆகியவற்றோடும் எளிதில் இணங்கும். கண்ணைத் தன்பால் இழுக்காமல் அடங்கிக் கிடப்பதால், அறையில் நாம் பார்க்க வேண்டிய திருப்படத்தின்மீதும் எதிரே அமர்ந்திருப்போரின் முகத்தின்மீதும் நம் பார்வை தங்குகிறது.

தெரிவு செய்யும்போது தரையை முதலில் பாருங்கள். வெண்ணிறத் தரையாயின் செம்மண், கருப்பட்டி போன்ற அழுத்தமான நிறம் அறைக்கு ஓர் ஊன்றுதலைத் தரும். பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அதே சிவப்பை விரித்தால் விரிப்பு மறைந்துபோகும். அங்கே மணல் நிறமோ வைக்கோல் நிறமோ எடுப்பாக இருக்கும். ஆத்தங்குடி ஓடு போலப் பூவேலை நிறைந்த தரையாயின் வேலைப்பாடு அற்ற ஒற்றை நிற விரிப்பே போதும். கோலத்தின்மேல் இன்னொரு கோலம் எதற்கு? விரிப்பிலுள்ள நிறங்களில் ஒன்றைத் திண்டு உறையிலோ திரைச்சீலைக் கரையிலோ மீண்டும் காட்டினால் அறை முழுதும் ஒரே குடும்பமாகத் தோன்றும். அதற்குமேல் அலங்காரம் தேவையில்லை.

கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. வெண்மையான குழல் விளக்கின் கீழ்ச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் பழுப்பு, மஞ்சள் ஒளியில் தேனாகத் தெரியும். வாசலருகே பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால், நாளை உங்கள் தரையிலும் ஏறும்.

முற்காலத்தில் இந்நிறங்கள் மண்ணில் விளைந்த பொருள்களிலிருந்தே கிடைத்தன. நம் சோழமண்டலக் கடற்கரை மணலில் வளரும் சாயவேர் சிவப்பைத் தந்தது. மாதுளை ஓடு மஞ்சளையும், அக்ரோட்டின் மேலோடு பழுப்பையும் தந்தன. 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பின்னரே இரசாயனச் சாயங்கள் உலகெங்கும் பரவின. இன்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி அத்தகையவையே. ஆயினும் சாயமே ஏற்றாத கோரையும் தென்னை நாரும் இன்றும் தம் இயற்கை நிறத்திலேயே விற்பனைக்கு வருகின்றன.

நம் திருமறைக்கும் இந்நிறத்துக்கும் ஓர் உறவு உண்டு. எபிரேய மொழியில் நிலத்துக்கு ‘அதாமா’ என்று பெயர். ஆதாம் என்னும் பெயர் அச்சொல்லோடு உறவுடையது. மண்ணால் ஆனவர் நாம் என்பதைத் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் திருச்சபை நினைவூட்டுகிறது. எரியும் முட்செடியின் முன் மோசே மிதியடியைக் கழற்றியதும் வெறும் மண் தரையின்மீதுதான். எனவே மண்ணின் நிறத்தை எளிமையின் பொருட்டு மட்டுமன்றி உரிமையோடும் நாம் வீட்டுக்குள் அழைக்கலாம்.

எதனால் நெய்தது?

நிறத்தைப் போலவே பொருளும் முக்கியம். நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பவற்றை மட்டும் இங்குக் கூறுகிறோம்.

பருத்தி ஜமக்காளம் நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது. காவிரியும் பவானி ஆறும் கூடுமிடத்தில் அமைந்த பவானி நகரம் இதற்குப் பெயர்பெற்றது. தடித்த பருத்தி நூலில் பட்டைப் பட்டையாக நிறம் அமைத்து நெய்யப்படும் பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. துவைக்கலாம்; மடிக்கலாம்; இருபுறமும் விரிக்கலாம். ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதென 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கியுள்ளனர். எனினும் விசைத்தறியில் நெய்தவை அதே பெயரில் விற்கப்படுவதும் உண்டு. எனவே கூட்டுறவுச் சங்கங்களிலோ, 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற நிலையங்களிலோ கேட்டு வாங்குவது நலம்.

கோரைப்பாய் கோடைக்கு இதமானது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் இசுலாமியச் சகோதரிகள் பலர் நெய்யும் மெல்லிய பாய், பட்டுத்துணி போல் மடியும். அங்கேயே நெய்யப்படும் சாதாரணப் பாயும் வைக்கோல் நிறத்தில் அறைக்குக் குளிர்ச்சி தரும். ஆனால் கனமான நாற்காலியின் கால்களை அதன்மேல் இழுக்கக் கூடாது, கோரை ஒடிந்துவிடும்.

தென்னை நார் விரிப்பு மண்ணின் நிறத்தைப் பிறவியிலேயே பெற்றது. உழைப்புக்குச் சலிக்காதது. ஆயினும் முழந்தாளுக்கு அது முரடு. அதை நிலைப்படிக்கு வெளியே மிதியடியாகப் போடுங்கள். காலில் ஒட்டிய மணலை வாசலிலேயே அது வாங்கிக்கொண்டால், உள்ளே கிடக்கும் விரிப்பின் ஆயுள் நீளும்.

சணல் விரிப்பு பார்வைக்கு அழகு, விலையும் குறைவு. ஈரம் பட்டால் வலுவிழக்கும், நிறமும் மாறும். கடற்கரை ஊர்களில், குறிப்பாக மழைக்காலத்தில், அது பூசணம் பிடிக்கக்கூடும். கம்பளி விரிப்பு நீடித்து உழைக்கும். ஆனால் பூச்சி அரிக்காதபடி அவ்வப்போது வெயில் காட்டி, சுருட்டி வைக்கும்போது வேப்பிலை இட்டுக் காக்க வேண்டும். மலைப்பகுதிகளில் வாழ்வோருக்கு அது பொருந்தும்; சமவெளியினருக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

அளவும் இடமும்

பலரும் செய்யும் பிழை, அளவைக் கடையில் தீர்மானிப்பது. நாற்காலிகளுக்கு நடுவே கைக்குட்டை போல் கிடக்கும் சிறு விரிப்பு அறையை இன்னும் சிறிதாகக் காட்டும். சுவர் முதல் சுவர் வரை மூடும் விரிப்போ தரையைக் கழுவ இடம் தராது. சுற்றிலும் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை தரை தெரியட்டும். நாற்காலிகளின் முன்னங்கால்கள் மட்டும் விரிப்பின்மேல் நின்றால் அறை ஒன்றுபட்டுத் தோன்றும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒருநாள் மாலை குடும்பத்தார் அனைவரும், தாத்தா பாட்டி முதல் கடைக்குட்டி வரை, திருப்படத்தின்முன் வழக்கம்போல் முழந்தாளிடுங்கள். செபம் முடிந்ததும் எழுந்து, எல்லாரும் இருந்த இடத்தை அளவு நாடாவால் அளந்து கொள்ளுங்கள். அதுவே உங்கள் வீட்டுக்குரிய அளவு. ஆறு பேர் உள்ள இல்லத்துக்குப் பெரும்பாலும் ஆறடிக்கு ஒன்பதடி போதுமானதாக இருக்கும். அவ்வளவு பெரிய விரிப்புக்கு வசதியில்லையெனில் ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சிறிய ஜமக்காளங்களை அருகருகே விரிக்கலாம்.

முதியோர் உள்ள இல்லங்களில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். மழமழப்பான ஓட்டுத் தரையில் விரிப்பு வழுக்கும். மடங்கிய ஓரம் காலைத் தடுக்கும். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முதியவர் பலர் மீண்டும் எழுந்து நடப்பதே அரிது. விரிப்பின் அடியில் வழுக்காத ரப்பர் வலையை இடுங்கள். ஓரங்களைத் தட்டையாக இருத்துங்கள். கைத்தடியோ நடைச்சட்டமோ கொண்டு நடப்பவர் செல்லும் வழியில் விரிப்பே இல்லாதிருப்பது நன்று. அவருக்குச் செப வேளையில் நாற்காலி ஒன்றை விரிப்பின் ஓரத்தில், மற்றவர்களோடு சேர்த்தே, போட்டுக் கொடுங்கள். தனியறையில் போடாதீர்கள்.

பராமரிப்பு எளிதே. வாரம் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள். ஏதேனும் சிந்தினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை நூலின் உள்ளே இறங்கும். சாயம் வெளுக்காதபடி நிழலில் உலர்த்துங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திசை மாற்றி விரித்தால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

யார் கைகள் நெய்தன?

கைவேலைக் கம்பளம் ஒன்றை வாங்குவோர் விலையை மட்டும் கேட்டு அமையலாகாது. சிறு விரல்களே சிறு முடிச்சுப் போடும் என்னும் பொய்க் காரணத்தைச் சொல்லிக் குழந்தைகளைத் தறியில் அமர்த்திய கொடுமை நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் நெடுங்காலம் நடந்தது. பாகிஸ்தானில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்த இக்பால் மசீஹ் நான்கு வயதில் குடும்பக் கடனுக்காகக் கம்பளத் தறிக்கு அனுப்பப்பட்டான். பத்து வயதளவில் விடுபட்டு, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக உலக அரங்குகளில் பேசினான். 1995 ஏப்ரல் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டான். அன்று உயிர்ப்புப் பெருவிழா. அவனுக்குப் பன்னிரண்டு வயதே ஆகியிருந்தது.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பள நெசவில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. 2016-இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதையே பொதுவாகத் தடுத்தது. குழந்தை உழைப்பின்றி நெய்த கம்பளங்களுக்கு முத்திரை அளிக்கும் முயற்சி ரக்மார்க் என்னும் பெயரில் 1994-இல் தொடங்கியது. இன்று அது குட்வீவ் எனப்படுகிறது. எங்கே நெய்தது, யார் நெய்தார் என்று கடையில் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத கடைக்காரரும், பலர் கேட்கக் கேட்க விசாரிக்கத் தொடங்குவார். விலை மட்டுமீறிக் குறைவாக இருப்பின், அக்குறைவை யார் சுமந்தார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

தறிக்கும் கூடாரத்துக்கும் திருச்சபையில் பழமையான இடம் உண்டு. புனித பவுல் கூடாரத் தொழில் செய்து உண்டவர். கொரிந்து நகரில் அவர் தங்கியதும் அத்தொழிலைச் செய்த அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரின் இல்லத்திலேயே. பின்னாளில் அவர்கள் வீட்டில் திருச்சபை கூடியது என்றும் அவர் எழுதுகிறார். கோவில் கட்டடங்கள் எழும் முன்னரே ஒரு தொழிலாளத் தம்பதியரின் கூடம் கோவிலாக இருந்தது. அக்கூடத்தில் என்ன விரித்திருந்தனர் என்பது நமக்குத் தெரியாது. வந்தவர் அனைவருக்கும் அங்கே அமர இடம் இருந்திருக்கும் என்பது உறுதி.

அம்மாவின் மூலை

பரணில் ஏறிய கம்பளத்துக்குப் பதிலாக நாங்கள் பவானி ஜமக்காளம் ஒன்றை வாங்கினோம். செம்மண்ணும் கருப்பட்டியும் மாறிமாறி வரும் பட்டைகள். ஓரத்தில் மெல்லிய மணல் நிறக் கோடு. முதல் நாள் மாலை அம்மா அதன் ஓரத்தில் தயங்கி நின்றார். பேத்திதான் கையைப் பிடித்து அழைத்து வந்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு வலப்புறம் உட்கார வைத்தாள். அந்த மூலை அவருக்கென்றே ஆயிற்று. அடுத்த ஆண்டு செபமாலைக்கு அன்பியத்தார் வந்தபோதும் மழைதான். ஈரக் கால்களோடு வந்து நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தனர். இடம் போதாமல் பிள்ளைகளை மடியில் ஏற்றிக்கொண்டனர்.

அம்மா இறைவனடி சேர்ந்து இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஜமக்காளத்தைத் துவைத்து உலர்த்தும்போது அந்த மூலையில் ஒரு கருப்பட்டிப் பட்டை மட்டும் மற்றவற்றினும் சற்று அழுத்தமாகத் தெரியும். தைலம் ஊறிய இடம் அது. வருவோர் எவர் கண்ணிலும் படுவதில்லை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. போக வேண்டும் என்று நாங்கள் துவைப்பதும் இல்லை.

இவ்விழாவுக்கு விரிப்பு வாங்கும் இல்லத்தார் அனைவருக்கும் நம் வாழ்த்துகள். குடிலில் பாலனைக் கிடத்திய பின், அதன்முன் விரித்து, எல்லாரும் சேர்ந்து ஒருமுறை முழந்தாளிடுங்கள். எவருக்கேனும் இடம் போதவில்லையெனில் நாற்காலிகளை நகர்த்திக்கொள்ளலாம்.